படத்தைச் சோதிக்கலாம், சொல்லை யார் சோதிப்பது?

ஆம்பூர்னு சொன்னதும் நமக்கு பிரியாணிதான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பக்கத்து மக்களுக்குச் சோறு போடுறது தோல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு வரிசையா தோல் பதனிடும் ஆலைகள், ஷூ கம்பெனிகள். வேலைக்கு வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வர்றாங்க. 2018-ல அந்த வட்டாரத்துல ஒரு வாட்ஸ்அப் வதந்தி உயிர்களை எடுத்துச்சு. அதைப் பத்தித்தான் இந்த எபிசோட். அதுல செய்தியாளர்களுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அப்போ ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாமே வேலூர் மாவட்டம்தான், 2019-லதான் பிரிச்சாங்க. 'வடமாநிலக் கும்பல் இறங்கியிருக்கு, குழந்தைகளைக் கடத்துறாங்க' என்று போன் போனா செய்தி பரவுது. ஏப்ரல் கடைசியில, குடியாத்தம் பக்கத்துல ஹிந்தி பேசின ஒருத்தரை ஊர் கூடி அடிச்சே கொன்னுட்டாங்க. முதல்ல வந்த செய்திகள்ல அவருக்குப் பேர்கூட இல்லை. வடமாநில வாலிபர், அவ்வளவுதான்.

மே 9. பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்துல, போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்துறாங்க. அவங்ககூட வந்த வயசான அம்மா அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுக்குறாங்க. அது போதுமா இருந்துச்சு. கூட்டம் அடிச்சதுல அந்த அம்மா இறந்துட்டாங்க. அவங்க தமிழ் பேசுற, நம்ம ஊர் அம்மா. வதந்தி வடமாநிலத்தவரைப் பத்தினதுதான். ஆனா பயம் கிளம்பின பிறகு, ஊருக்குப் புதுசா யார் வந்தாலும் கடத்தல்காரங்கதான்.

அந்த வருஷம் இந்தியா முழுக்க சுத்தின ஒரு வீடியோ இருக்கு. பைக்ல வர்ற ரெண்டு பேர் தெருவுல விளையாடுற குழந்தையைத் தூக்கிட்டுப் போறாங்க. உண்மையில அது பாகிஸ்தான்ல, கராச்சியில, குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க. அந்தக் கடைசித் துண்டை வெட்டிட்டுத்தான் பரப்பினாங்க.

இதைக் கண்டுபிடிக்கிற கருவிகள் அப்பவே இருந்துச்சு. இன்விட் மாதிரி ஒரு கருவியில வீடியோவைப் போட்டா அது தனித்தனிப் படங்களாப் பிரிச்சுக் கொடுக்கும். ஒவ்வொரு படத்தையும் கூகுள்ல தலைகீழ் தேடல் செய்யலாம். கடைப் பலகையில என்ன மொழி, வண்டி நம்பர் எந்த ஊர், பஸ் என்ன கலர்னு பார்க்கலாம். அப்புறம் அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன். வாட்ஸ்அப்பும் 2018 ஜூலையில இந்தியாவுல ஒரு செய்தியை ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு.

இதெல்லாம் படத்தைச் சோதிக்கிற வேலை. 'வடமாநிலக் கும்பல்' என்ற சொல்லை எந்தக் கருவியில போட்டுச் சோதிக்கிறது? அந்தச் சொல்லை வாட்ஸ்அப் கண்டுபிடிக்கலை. 'வடமாநிலக் கொள்ளையர் கைவரிசை' மாதிரித் தலைப்புகளை நாம நாளிதழ்ல வருஷக்கணக்கா படிச்சிருக்கோம். திருடினவர் உள்ளூர்னா பேர் வரும், தெரு வரும். வெளியூர்னா திசை மட்டும் வரும். வதந்தி கிளப்பினவங்களுக்குப் புதுசா எதையும் நம்ப வைக்க வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.

அதே திசையிலிருந்து வந்தவங்க இங்கே எப்படி வாழ்ந்தாங்கன்னும் பார்க்கணும். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிட்கோ. தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல கழிவுத் தொட்டியோட சுவர் உடைஞ்சு, தூங்கிட்டிருந்த தொழிலாளர்கள் மேல சகதி பாய்ஞ்சுது. பத்துப் பேர் செத்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துக்காரங்க. இவங்களும் 'வடமாநிலத்தவர்'தான். ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு இவங்க ஞாபகம் வர்றதில்லை.

2023 மார்ச்சில கதை அப்படியே திரும்புச்சு. தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களைக் கொல்றாங்கன்னு வீடியோக்கள் வடக்கே பரவுது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார்: ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளர்களே ரெண்டு கோஷ்டியா மோதிக்கிட்டது, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த சண்டை. இந்தத் தடவை வதந்தி வாட்ஸ்அப்போட நிக்கலை, அச்சுலயும் ஏறிச்சு. ஒரு பெரிய ஹிந்தி நாளிதழின் ஆசிரியர் மேலயே தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டாங்க. திருப்பூருக்கு ஒரு போன் போட்டிருந்தா உண்மை தெரிஞ்சிருக்கும். அங்கே 'தமிழர்கள்' என்ற ஒரே சொல்லுல நாம எல்லாரும் அடைபட்டோம். அப்போ நமக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு!

சாதிப் பேர் ஒருத்தரை இழிவுபடுத்துற இடத்துல அதைத் தவிர்க்கணும்னு பிரஸ் கவுன்சில் நெறிமுறை சொல்லுது. மாநில அடையாளத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம்னு நான் சொல்வேன். இந்தச் செய்திக்கு அவர் எந்த ஊர்னு தெரிய வேண்டிய அவசியம் இருக்கா? தேடப்படுற ஆளை அடையாளம் காணணும்னா அவசியம் இருக்கலாம். பிடிபட்ட ஒருத்தரோட செயலை லட்சக்கணக்கான பேர் தலையில ஏத்தறதுக்குன்னா அவசியம் இல்லை. செய்தி தப்பாப் போனா முதல் அடி யார் மேல விழும்னு யோசிச்சாலே பாதித் தலைப்புகள் மாறிடும்.

இன்னைக்குக் கையில போன் வெச்சிருக்கிற நாமளும் ஒரு வகையில நியூஸ் எடிட்டர்தான். வீடியோ உண்மையான்னு பார்க்கிறப்போ, மேல எழுதியிருக்கிற தலைப்பையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.