பத்து விரல் ரேகை பிறந்த கதை

அரசு அலுவலகத்தில் கண்ணாடித் தட்டின் மேல் விரலை வைக்கும்போது நமக்கு இப்போது எதுவும் தோன்றுவதில்லை. ஒரு காலத்தில் இதே விரல் ரேகைக்காகத் தமிழர்கள் சிறை சென்றார்கள், நாடு கடத்தப்பட்டார்கள், செத்தும் போனார்கள். அந்தக் கதையைத் தேடிப் போனால் அது தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் கொண்டுபோய் நிறுத்தும்.

விதை விழுந்தது வங்காளத்தில். 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கப்பி தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை ஒப்பந்தத் தாளின் பின்புறம் பதிய வைத்தார். பிற்பாடு கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். 1897-இல் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றி என்ற போலீஸ் அதிகாரியின் கீழ் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. ஆயிரக்கணக்கான ரேகைகளுக்குள் ஒருவனுடையதை எடுக்க வேண்டுமானால் அவற்றை வகைபிரித்து அடுக்கத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கை வகுத்ததில் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. பெயர் என்னவோ ஹென்றிக்குப் போனது. அவர் இதைச் செய்தது குற்றவாளிகளைப் பிடிக்க. 1900-இல் அவரையே ஜொகானஸ்பர்க் போலீஸைச் சீரமைக்க அனுப்பினார்கள். முறையும் அவரோடு கப்பலேறியது.

அங்கே ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இடையே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தத்தின்போது டிரான்ஸ்வாலை விட்டு ஓடிய இந்தியர்கள் 1902-க்குப் பிறகு பர்மிட் வாங்கித் திரும்பினார்கள். வெள்ளை வியாபாரிகளுக்கு இவர்கள் கடை போடுவது பிடிக்கவில்லை. இந்தியர்கள் கள்ளத்தனமாகக் கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைகிறார்கள், பர்மிட்டைக் கைமாற்றுகிறார்கள் என்ற கூச்சல் கிளம்பியது. பர்மிட் தருகிற ஆசியர் இலாகாவிலேயே லஞ்சம் தலைவிரித்தாடியதை அங்கே வக்கீலாக இருந்த காந்தி வெளியே கொண்டுவந்தார். இரண்டு அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது. சாட்சியம் பலமாக இருந்தும் வெள்ளை ஜூரிகள் அவர்களை விட்டுவிட்டார்கள். லஞ்சம் வாங்கியவன் தப்பினான், பழி மட்டும் ஒரு இனத்தின் மேல் நின்றது.

1906 ஆகஸ்டில் அவசரச் சட்ட வரைவு வெளியானது. ஆசியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகையும் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். எட்டு வயது நிரம்பிய பிள்ளையையும் பெற்றவர்கள் கூட்டிவந்து பதிய வேண்டும். தெருவில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல். காந்தி ஹென்றியின் நூலைத் தேடிப் படித்தார். சட்டப்படி கட்டாயமாக ரேகை எடுப்பது குற்றவாளிகளிடம்தான் என்று அதில் கண்டார். சமூகம் கொதித்ததற்குக் காரணம் இதுதான். விரலில் மை படுவதா பிரச்சினை? ஒரு நாடு தன் எல்லையைக் கண்காணிக்கட்டும், வருவோர் போவோரைக் கணக்கெடுக்கட்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. பக்கத்துக் கடைக்கார வெள்ளையனிடம் கேட்காத தாளை நம்மிடம் மட்டும் கேட்டால், பிறப்பையே குற்றமாக்குகிறார்கள் என்று பொருள்.

செப்டம்பர் 11 அன்று ஜொகானஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடியவர்கள் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். 1907-இல் புதிய சட்டசபை அந்த வரைவைச் சட்டமாக நிறைவேற்றியது. டிரான்ஸ்வாலில் இருந்த இந்தியர்கள் சுமார் 13,000 பேர். கெடு முடிந்தபோது பதிந்தவர்கள் 500-ஐ ஒட்டித்தான். சீனர்களும் லியூங் குவின் தலைமையில் சேர்ந்து நின்றார்கள். 1908 ஜனவரியில் காந்தியும் குவினும் காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் சிறையிலிருந்தே டிரான்ஸ்வால் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தாங்களே மனமுவந்து பதிந்தால் சட்டம் நீங்கும் என்று நம்பினார்கள்.

பிப்ரவரி 10 காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போகிற வழியில், சமூகத்தைக் காட்டிக்கொடுத்ததாக நினைத்த மீர் ஆலம் என்ற பட்டாணியர் காந்தியைத் தடியால் அடித்து வீழ்த்தினார். குறுக்கே பாய்ந்த தம்பி நாயுடுவுக்கும் அடி. பாதிரியார் டோக்கின் வீட்டில் கிடத்தப்பட்ட காந்தி, கிழிந்த உதட்டோடு பதிவதிகாரியை வரவழைத்து விரல்களை மையில் வைத்தார். கட்டாயத்தால் கொடுக்க மறுத்த அதே ரேகையைச் சொன்ன சொல்லுக்காகக் கொடுத்தார். சட்டமோ நீங்கவில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி முன்பு பெரிய இரும்புக் கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

அதன் பிறகு அதிகம் சிறை கண்டவர்கள் தமிழர்கள். காந்தியே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1909 ஜூலையில் சிறையிலிருந்து கடுங்குளிரில் சாலை வேலைக்கு இழுக்கப்பட்ட நாகப்பன் என்ற இளைஞர் நிமோனியாவில் இறந்தார். இருபது வயதுகூட நிரம்பவில்லை. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிவந்த நாராயணசாமியைத் துறைமுகம் துறைமுகமாக இறங்க விடாமல் விரட்டினார்கள். 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் போயிற்று. 1913-இல் பெண்கள் பர்மிட் இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையை வேண்டுமென்றே தாண்டினார்கள். தில்லையாடி வள்ளியம்மை கைதானது அந்தப் போராட்டத்தில்தான். 1914 பிப்ரவரி 22 அன்று சிறைக் காய்ச்சலுக்குப் பலியானார்.

வள்ளியம்மையை நாம் ஓரளவு அறிவோம். நாகப்பனையும் நாராயணசாமியையும் நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? கள்ளக்குடியேற்றம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். தாள் கேட்கிறவனிடம், எல்லோரிடமும் கேட்கிறாயா என்று கேளுங்கள். டிரான்ஸ்வாலில் அதைக் கேட்டவர்களின் குரல் எடுபடாததால் முறை வளர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் 1952-ஆம் ஆண்டு பாஸ் சட்டம் பதினாறு வயது நிரம்பிய கறுப்பின மக்களுக்கு விரல்ரேகையோடு கூடிய புத்தகத்தைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடியவர்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பாஸ் சட்டங்கள் ஒழிந்தது 1986-இல்.