பட்டாளத்தில் பிறந்த பாட்டன்மார்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தாரிடம், “உங்கள் முன்னோர் எங்கே பிறந்தவர்?” என்று கேட்டால், பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என ஏதேனும் ஒரு மாவட்டத்தைச் சொல்வர். யாழ்ப்பாணத்தைச் சொல்வோரும் உளர். மிகச் சிலர் மட்டும், “எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் பிறந்தவர்” என்பர். எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு என்று தொடர்ந்து கேட்டால் விடை கிடைப்பதில்லை.

1908-ஆம் ஆண்டில் பிறந்த என் பாட்டியார் தம் பாட்டனாரைப் பற்றி விட்டுச் சென்றதும் அத்தகைய ஒரு வரியே. கிள்ளானில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த பழைய கணக்கு நோட்டில், “விரோதிகிருது ஆவணி, பினாங்குப் பட்டாளத்து லயம்” என்று அவர் எழுதச் செய்திருந்தார். அந்த வரியின் பின்னே சென்றபோது நான் கற்றவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாயாத் தமிழர் வரலாறு என்றதும் ரப்பர்த் தோட்டமும் இரயில் பாதையுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றிற்கு முன்பே சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இம்மண்ணை மிதித்துவிட்டனர். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கினார். 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து மலாக்கா கைப்பற்றப்பட்டது. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒன்றாயின. இவற்றைக் காவல் காத்த படைகளுள் பெரும் பங்கு சென்னைக் காலாட்படைக்கு உரியது. 1831, 1832 ஆகிய ஆண்டுகளில் மலாக்காவை அடுத்த நானிங்கில் டோல் சையிதை எதிர்த்து நடந்த போரிலும் சென்னைச் சிப்பாய்களே முன்னிறுத்தப்பட்டனர். பினாங்கில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற சாலைப் பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. சென்னைப் படை என்பது தமிழர் படை மட்டும் அன்று. அதில் தெலுங்கரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராக இருந்தனர். பட்டாளத்து மரபினர் என்று கேள்வியுற்ற மாத்திரத்தில், முன்னோர் இன்ன ஊரார், இன்ன மொழியார் என்று முடிவு கட்டிவிடலாகாது.

சென்னைப் படைக்கெனத் தனி வழக்கம் ஒன்று இருந்தது. சிப்பாய் செல்லுமிடமெல்லாம் மனைவி மக்களும் உடன் செல்வர். பட்டாளத்து லயமே ஒரு சிற்றூர் போல் இயங்கும். கடல் கடக்கும்போது மட்டும் அனைவர்க்கும் கப்பலில் இடம் கிடைப்பதில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுச் செல்லும் சிப்பாய், தன் சம்பளத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கு அங்கேயே கொடுக்குமாறு ‘குடும்பச் சான்று’ எழுதிக்கொடுப்பான். ஆதலின் ஒரு சிப்பாயின் பெயரில் அத்தகைய சான்று காணப்படுமாயின், அவன் மனைவி அக்காலத்தில் ஊரிலேயே இருந்தாள் என்று கருத இடமுண்டு. அவன் பிள்ளை பினாங்கில் பிறந்தது என்ற குடும்பக் கதையை அப்போது மீண்டும் ஆராய வேண்டும். பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத சம்பளத் தாள், பிறப்பிடத்திற்குச் சாட்சியாவதைப் பாருங்கள்.

இனி, ஒரே கோட்டையில் ஒரே மாதத்தில் பிறந்த இரு குழந்தைகளை எண்ணிப் பார்ப்போம். ஒன்று வெள்ளைச் சிப்பாயின் பிள்ளை. மற்றொன்று சென்னைச் சிப்பாயின் பிள்ளை. முதற் குழந்தைக்குப் பாதிரியார் திருமுழுக்குத் தந்து ஏட்டில் எழுதுவார். அதன் நகல் மாகாணத் தலைநகர் சென்று, பின் இலண்டனை அடையும். சென்னை மாகாணத்தின் இத்தகைய ஏடுகள் 1698 முதற்கொண்டு இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பிரிவில் இருக்கின்றன. பிரிட்டிஷ் படையணிகளில் பிறந்த குழந்தைகளுக்கு 1761 முதல் 1924 வரை தனி அட்டவணையே உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்துக் கோட்டையொன்றில் பிறந்த ஆங்கிலக் குழந்தையை அதன் வழித்தோன்றல் சில நாளில் தேடி எடுத்துவிடலாம்.

இரண்டாவது குழந்தையை எழுதிவைக்க எவரும் இலர். கம்பெனிக்குத் துப்பாக்கி ஏந்தும் கைகளின் கணக்கு வேண்டியிருந்தது; தொட்டிலின் கணக்கு வேண்டியிருக்கவில்லை. சிப்பாய்களின் சேவைக் குறிப்புகள் கூடப் பெரும்பாலும் படையணிகளிடமே தங்கிவிட்டன. இலண்டனுக்கு ஒழுங்காக அனுப்பப்படவில்லை. அரசாங்கத்தின் பொதுப் பிறப்புப் பதிவோ மிகவும் பிந்தியது. நீரிணைக் குடியேற்றங்களில் 1860-களின் பிற்பகுதியில்தான் அதற்குச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ஆம் ஆண்டினது.

அங்ஙனமாயின் தேடுவோர் கைவிட்டுவிட வேண்டியதுதானா? அன்று. முன்வாயில் அடைத்திருப்பின் பக்கவாயில்களைத் தட்ட வேண்டும்.

முதல் வாயில், படைக்கணக்கு. சென்னைப் படையில் சிப்பாய்களின் புதல்வர்களைச் சிறுவயதிலேயே அரைச் சம்பளத்தில் சேர்த்துப் பழக்கும் முறை இருந்தது. பணியில் இறந்தவனின் மகனை அவ்வாறு சேர்த்து, அச்சம்பளத்தால் குடும்பத்தைத் தாங்கச் செய்வதும் உண்டு. படையில் சேர்வோரின் வயது குறிக்கப்படுவதால், அத்தகைய பட்டியலில் பெயர் அகப்பட்டால் பிறந்த ஆண்டையும் கணக்கிட்டுவிடலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இராணுவத் துறை ஏடுகளே இத்தேடலுக்கு முதல் இடம்.

இரண்டாம் வாயில், வழிபாட்டிடம். முன்னோர் கிறிஸ்தவராயின் திருமுழுக்கு ஏடும் திருமண ஏடும் பேருதவி புரியும். பிறந்த இடத்தின் ஏடு அழிந்திருப்பினும், பிற்காலத்தில் குடும்பம் குடிபெயர்ந்த இடத்தின் திருமண ஏட்டில் மணமகனின் தந்தை பெயரும் ஊரும் இருத்தல் கூடும். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் தேவாலயம் 1924-இலும், கிள்ளான் லூர்து அன்னை ஆலயம் 1928-இலும் எழுந்தவை. அவற்றிற்கு முற்பட்டோரைத் தேடுவோர் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சென்றே தீரவேண்டும். முஸ்லிம்களாயின் பள்ளிவாசல் அடக்கத்தலங்களின் மீசான் கற்கள் சில வேளை பேசும்.

மூன்றாம் வாயில், சாதகம். இந்துக் குடும்பங்களில் அரசாங்க ஏட்டைவிடப் பழமையான பதிவு இதுவே. ஆனால் அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழன்று வருபவை; நூற்றாண்டைச் சொல்லமாட்டா. என் பாட்டியார் எழுதுவித்த விரோதிகிருது 1791-இலும் வந்தது, 1851-இலும் வந்தது, 1911-இலும் வந்தது. 1908-இல் பிறந்தவரின் பாட்டனார் 1911-இல் பிறந்திருத்தல் இயலாது; 1791 மிக முற்பட்டது. எனவே 1851 ஆவணியே பொருந்துகின்றது. பினாங்கில் சென்னைச் சிப்பாய்கள் காவல் புரிந்த காலமும் அதுவே. இங்ஙனம் ஒரு வரி, ஓர் ஆண்டைத் தந்தது.

தேடுவோர் மனத்திற் கொள்ளவேண்டிய ஆண்டுகள் வேறு சிலவும் உள. 1867 ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து குடியேற்ற நாட்டு அமைச்சின் கீழ் வந்தன. அதனால் தாள்களும் இருவழிப்பட்டன. முந்தியவை இந்தியா அலுவலக ஏடுகளிலும், பிந்தியவை இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளைக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் காணலாம். 1942-இல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமான பின், ஆண்டுக்கணக்கே மாறியது. ஜப்பானியக் கணக்கில் 1942 என்பது 2602. நம் கணக்கில் அவ்வாண்டுச் சித்திரையில் பிறந்தது சித்திரபானு. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழரின் பிள்ளைகள் பலர் இக்காலத்தில் பிறந்தோரே. ஒரே குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கணக்குகள் உண்டென்பதை அறியாதார், கண்முன் இருக்கும் தாளையும் கடந்து போய்விடுவர்.

பெயரும் தொல்லை தருவதே. எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய இராமசாமி, ஆங்கிலத்தில் பல உருக்கொள்வார். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் தந்தை பெயர், ஊர், வயது, படையணி ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து ஒப்பிடல் வேண்டும்.

பழந்தாளைத் தேடுவது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். நம் சமுதாயம் அவ்வாறு எண்ண இயலாது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது, இங்கே பிறந்தவன் என்பதற்குச் சான்று காட்ட முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் இடையே வாழ்வே வேறுபட்டது. 1962-இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்ட பின், இங்கே பிறப்பது மட்டும் போதாதென்றாகி, பெற்றோரின் நிலையும் கேட்கப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டுடன் முதுமை எய்திய எத்தனையோ பேரை நாம் அறிவோம். ஒரு தலைமுறையின் தாளின்மை அடுத்த தலைமுறையின் உரிமையின்மையாக முடிந்ததும் உண்டு. 2015 வரை வழக்கிலிருந்த இந்திய வம்சாவளியினர்க்கான அட்டைக்கு விண்ணப்பித்தோரிடமும் முன்னோரின் பிறப்பிடச் சான்று கேட்கப்பட்டது.

என் பாட்டியாரின் பாட்டனாரது பிறப்பை எந்த ஏட்டிலும் நான் காணவில்லை. அரசாங்கம் எழுதாத அப்பிறப்பிற்கு இன்றுள்ள ஒரே சான்று, எழுத்தறியாத ஒரு மூதாட்டி பிறர் கையால் எழுதுவித்த ஒற்றை வரிதான். அவ்வரியும் இல்லையேல் அம்மனிதர் பிறந்தார் என்பதே மறைந்திருக்கும்.

ஆதலின் அன்பர்களே, காப்பகங்களுக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டு முதியோரின் அருகே அமருங்கள். பிறந்த ஊர், ஆண்டுப் பெயர், தந்தையின் தொழில், வந்த கப்பல் என அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னவாறே எழுதி, எழுதிய நாளையும் குறித்து வையுங்கள். ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திருக்கமாட்டார்கள்.