முடக்கும் உரிமை யாருக்குக் காவல்? திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றம் தரும் பாடம்

கடந்த வாரம் தேவராவில் ஆய்வு மாணவர் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "அவையை முடக்குவது மக்களாட்சிக்குக் கேடா, சிறுபான்மையினருக்குக் காவலா?" உடனே அனைவரும் அமெரிக்க செனட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினர். இவ்வினாவுக்கு விடை தேட அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இக்கொச்சி ஓர் உறுப்பாக இருந்த மாநிலத்தின் ஏழாண்டு வரலாறே போதும்.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைக்கப்பட்டன. தலைநகரும் சட்டமன்றமும் திருவனந்தபுரத்தில் அமைந்தன. உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கு வந்தது. புதிய மாநிலத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றோடு பழைய கொச்சி அரசைச் சேர்ந்த சித்தூரும் தமிழகத்துடன் இணைய வேண்டும் என்பது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை. அக்கட்சியின் முதன்மைத் தலைவர் மார்ஷல் நேசமணி.

1952 தேர்தலில் 108 இடங்களுள் அக்கட்சி பெற்றவை எட்டு மட்டுமே. எந்தச் சட்டத்தையும் எட்டுப் பேர் தடுத்துவிட முடியாது. ஆயினும் 44 இடங்களே பெற்ற காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ஏ. ஜே. ஜான் அமைச்சரவை தமிழ் உறுப்பினர்களின் துணையுடன் நின்றது. அத்துணை விலகியதும் 1953 செப்டம்பரில் அவையில் தோற்றது. 1954 தேர்தலில் அவர்கள் பன்னிருவராயினர். 19 உறுப்பினர்களை மட்டுமே கொண்டிருந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரசின் ஆதரவில் முதலமைச்சரானார். அவ்வாண்டு தேவிகுளம் பகுதியில் தடையை மீறிய நேசமணி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 11 அன்று தெற்கில் தமிழர் போராட்டத்தின்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் உயிர்கள் பலியாயின. 1955 பிப்ரவரியில் தமிழ் உறுப்பினர்களும் காங்கிரசும் ஒரே பக்கம் நின்றபோது பட்டத்தின் அமைச்சரவை வீழ்ந்தது.

இந்நிகழ்வுகளை உற்றுநோக்கினால், அச்சிறுபான்மையின் வலிமை சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் வரவில்லை என்பது புலப்படும். அது பெரும்பான்மையினரின் பிளவிலிருந்து வந்தது. மலையாளிகளின் கட்சிகள் ஒன்றுபட்டிருந்தால் பன்னிருவரின் வெளிநடப்பு அவைக்குறிப்பில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. அமைச்சரவைகளைக் கவிழ்த்ததால் ஒரு தாலுகாகூட உடனே கைமாறவில்லை. அத்தடைகள் காலத்தையும் கவனத்தையும் ஈட்டித் தந்தன. முடிவு வேறோர் அவையில் எடுக்கப்பட்டது. அரசமைப்பின் மூன்றாம் பிரிவின்படி எல்லையை மாற்றுவது நாடாளுமன்றத்தின் அதிகாரம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்படும்; இசைவு தேவையில்லை. கருத்தே கூறாமல் காலம் தாழ்த்தும் வழியையும் 1955இன் ஐந்தாம் திருத்தம் அடைத்தது: குறிப்பிட்ட கெடுவுக்குள் கருத்து வராவிட்டாலும் சட்டமுன்வரைவு மேற்செல்லலாம். அஃதாவது, மாநிலப் பெரும்பான்மையின் தடுக்கும் ஆற்றல் குறைக்கப்பட்டதே அங்கிருந்த சிறுபான்மைக்கு நன்மையாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று தென் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

ஆகவே தடை ஒரு கருவி. அதனை ஏந்துபவர் யார் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. 1881இல் அயர்லாந்து உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மக்களவையை 41 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து அமரச் செய்தனர். அங்கே ஆளப்பட்ட ஒரு மக்களின் குரலாகத் தடை ஒலித்தது. 1957இல் அமெரிக்க செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் இடைவிடாது பேசியது, கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த சட்டத்தைத் தடுப்பதற்காக. அவையில் அவர் தரப்பு சிறுபான்மை. அவருடைய தென் மாநிலத்திலோ அது ஆளும் வெள்ளையரின் தரப்பு. அவைச் சிறுபான்மையும் சமூகச் சிறுபான்மையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறந்து தடையைப் போற்றுவதும் பழிப்பதும் ஒருசேரப் பிழை.

இலங்கையோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சோல்பரி அரசமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தை மட்டும் பாதிக்கும் சட்டங்களைத் தடைசெய்தது. எழுத்தில் அது வலிய அரண். 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அக்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. அச்சட்டங்கள் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்தோர் அவையில் வாதிட்டனர். வெளியே காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். ஆயினும் உறுதியான பெரும்பான்மை அதனை நிறைவேற்றியது. 1972இன் புதிய அரசமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. அவையில் தோற்றவர் முறையிடுவதற்கு டெல்லி போன்ற மேலவை எதுவும் அங்கு இருக்கவில்லை.

மலையகத்தின் கதை நம் மாநிலத்திலும் மெல்லிய எதிரொலியாகக் கேட்கிறது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழருள் பலர் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்தோர் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. கண்டியில் குடியுரிமையை மறுக்கப் பயன்பட்ட அதே 'வந்தேறிகள்' என்னும் சொல், இங்கே எண்ணிக்கையின் எடையைக் குறைக்கப் பயன்பட்டது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது: மூணாற்றுத் தொழிலாளியின் வாக்குச்சீட்டை எவரும் பறிக்கவில்லை.

என் முடிவு இதுவே. தடுக்கும் உரிமை சிறுபான்மைக்கு உதவ மூன்று நிலைமைகள் வேண்டும்: அவர்கள் வாக்காளராக எண்ணப்பட வேண்டும், பெரும்பான்மை ஒரே கட்டாக இறுகியிருக்கக் கூடாது, தடையால் கிடைத்த காலத்தில் முறையிட வேறொரு மன்றம் இருக்க வேண்டும். இவற்றுள் முதலாவது போய்விட்டால் ஏனைய இரண்டும் இருந்தும் பயனில்லை. ஆகவே, அவைவிதிகளை ஆராயும் மாணவர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்குவது நன்று. அவையில் யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்கு முன்பே, யார் அங்கு வர இயலாமற்போனார் என்பது அப்பட்டியலில் எழுதப்பட்டுவிடுகிறது.