ஷ்டோலன் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டி

பண்டிகைதோறும் அதற்குரிய பலகாரம் ஒன்று வழங்கி வருவது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகும். அதன் வடிவிலும் ஓர் உட்கருத்து அமைந்திருப்பதுண்டு. ஜெர்மனி தேசத்து ஸாக்ஸனி நாட்டின் தலைநகராகிய டிரெஸ்டனில் செய்யப்படும் 'ஷ்டோலன்' என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டி இதற்குத் தக்க உதாரணமாகும்.

கோதுமை மாவு, வெண்ணெய், உலர்ந்த திராட்சை, வாதுமைப் பருப்பு, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோல் ஆகியவை இதில் சேரும். நீண்ட வடிவாய்ச் சுட்டெடுத்து, உருக்கிய வெண்ணெய் பூசி, அதன்மேல் சர்க்கரைப் பொடியை வெள்ளையாகத் தூவுவர். துணியிற் சுற்றி முன்னணையிற் கிடத்தப்பட்ட குழந்தை இயேசுவை இது குறிப்பதாக அந்நாட்டார் கொள்வர். ஷ்டோலன் என்னும் சொல்லுக்கோ தூண் அல்லது முட்டு என்பதே பொருள். பெயரில் இல்லாத கருத்தை மக்களின் பக்தியே வடிவிற் கண்டது.

இத்துணைச் செழுமையுடைய இவ்வுணவு ஆதியில் விரதகாலத்து ரொட்டியாயிருந்தது என்பது வியப்புக்குரியது. 1474-ஆம் ஆண்டிலேயே டிரெஸ்டன் நகரத்து பர்த்தலோமேயு ஆஸ்பத்திரிக் கணக்கில் இது குறிக்கப்பட்டுளது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலம் அந்நாளில் ஒருசந்திக் காலமாகும். வெண்ணெயும் பாலும் விலக்கு. ஆதலின் மாவும் நீரும் எண்ணெயுமே கொண்டு இதனைச் சுட்டனர். ஒலிவமரம் செழிக்கும் தென்தேசத்தார்க்கு இவ்விதி துன்பமன்று. குளிர்நாடாகிய ஸாக்ஸனியிலோ நல்லெண்ணெய் அரிது, கிடைத்ததும் சுவையற்றது.

எனவே அந்நாட்டு அதிபரான எர்னஸ்டும் அவர் தம்பி ஆல்பிரெக்டும் ரோமாபுரிக்கு விண்ணப்பித்தனர். 1491-இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். அந்நிருபம் 'வெண்ணெய்க் கடிதம்' எனப் பெயர் பெற்றது. அனுமதி இலவசமன்று, அதன்பொருட்டுச் செலுத்திய காணிக்கை பிரைபெர்க் நகரத்துத் தேவாலயத் திருப்பணிக்குச் சென்றது. பிரான்சு தேசத்து ரூவான் பேராலயத்தில் இத்தகைய காணிக்கையால் எழுந்ததாகச் சொல்லப்படும் கோபுரம் இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே வழங்குகிறது.

இவ்வாறு அனுமதியை விலைக்கு அளிப்பதை 1520-இல் மார்ட்டின் லூதர் கண்டித்தெழுதினார். 1539-இல் டிரெஸ்டன் நகரம் சீர்திருத்த சபையைத் தழுவவே, கடிதத்திற்கு வேலையில்லாமற் போயிற்று. ரொட்டியோ மறையவில்லை. 1730-இல், கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவியிருந்த அரசர் அகஸ்டஸ், ஸைத்ஹைன் படைவிழாவில் ஏறக்குறைய 1.8 டன் எடையுள்ள ஷ்டோலன் ஒன்றைச் சுடுவித்தார். சபையால் வேறுபட்ட அரசரும் குடிகளும் ஒரே ரொட்டியைப் பகிர்ந்துண்டனர். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'டிரெஸ்டன் ஷ்டோலன்' என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

விலக்கும் விலையும் மேலிருந்து வந்தவை, அவை ஒழிந்தன. குழந்தையின் சாயலைக் கண்ட கருத்தோ வீடுதோறும் தாய்மார் வாய்மொழியால் நிலைத்தது. ஆதலின் நம் இல்லங்களிலும் பண்டிகைப் பலகாரத்தைச் சிறுவர் கையிற் கொடுக்குங்கால், அதன் காரணத்தையும் கூடவே எடுத்துச் சொல்லுதல் பெரியோர் கடனாகும்.