லேமினேட் தரை: ரிப்பேர் போதுமா, மாத்தியே ஆகணுமா? கண்டுபிடிப்பது எப்படி?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும். நூற்றாண்டுகளாக மிதிபட்ட கல்படிகள் தேய்ந்து வழவழப்பாகியும் இன்னும் படியாகவே நிற்கின்றன. காரணம், மேலிருந்து கீழ்வரை ஒரே கல். நம்ம வீட்டு லேமினேட் தரை அப்படி இல்லை. பார்க்க மரம் மாதிரி இருந்தாலும், அது மரத்தின் படம் அச்சிட்ட காகிதம்.

உள்ளே என்னதான் இருக்கு?

மரத்தூளையும் நாரையும் பிசின் சேர்த்து அழுத்திய பலகைதான் நடுப்பகுதி. அதன் மேல் டிசைன் காகிதம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற மெலமின் பூச்சு. பலகை 8 மி.மீ., 12 மி.மீ. தடிமனில் கிடைத்தாலும், தரையைக் காப்பாற்றும் அந்தப் பூச்சு ஒரு மி.மீ. கூட இருக்காது. தேக்குப் பலகையை இழைத்து பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும். இதை இழைத்தால் படமே போய்விடும்.

தேய்மானம் எப்போது ஆபத்து?

மேலோட்டமான கீறலுக்குப் பயப்பட வேண்டாம். மெழுகுக் குச்சியில் அடைத்துவிடலாம். வாசல் பக்கம், சமையலறைத் திருப்பம், சேர் உருளும் இடம், இந்த மூன்றையும் பாருங்கள். டிசைன் வெளுத்து பழுப்பு நார் தெரிகிறதா? சந்தேகமாக இருந்தால் அங்கே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சில நிமிஷம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். இனி ஒவ்வொரு முறை மாப் போடும்போதும் தண்ணீர் உள்ளேதான் இறங்கும்.

அடுத்து இணைப்புகள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். பலகை ஓரங்கள் வரப்பு மாதிரி எழும்பி நிழல் விழுந்தால், உள்ளே ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். ஆகாது. ஊதிய நார் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

மிதித்தால் மெத்துமெத்தென்று அமுங்குவது, பூஞ்சை வாடை, ஓரத்தில் கரையான் மண். இதில் எது இருந்தாலும் ஒரு பலகையையாவது கழற்றி அடியில் பார்க்காமல் விடக்கூடாது.

ஆனால் ஒரு விஷயம். நடு அறையில் தரை கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றால் உடனே 'மாத்திடலாம்' என்று சொல்லும் ஆளை நம்பிவிடாதீர்கள். காற்றின் ஈரத்தில் பலகை விரியும். அதற்குச் சுவரோரம் சுமார் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, சுவரை முட்டும் ஓரத்தை வெட்டிவிட்டாலே பெரும்பாலும் படிந்துவிடும்.

வெள்ளம் புகுந்திருந்தால்?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அந்த மாதிரி மழையில் வீட்டுக்குள் வரும் தண்ணீர் சாக்கடை கலந்த தண்ணீர். பலகைக்கு அடியில் விரித்த ஃபோம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்து பளபளவென்று தெரிந்தாலும் மொத்தத்தையும் எடுத்துவிடுவதுதான் வழி.

எடுத்த கையோடு புதுசைப் போடாதீர்கள். சிமெண்ட் தரையில் ஒன்றரை அடி சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. மழைக்காலமே இல்லாத நாளிலும் துளி வருகிறதா? அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். அந்த மாதிரி தரைத்தளத்தில், ஆற்றோரத்தில் மறுபடி லேமினேட் போடுவது காசைக் கரைப்பதுதான். டைல்ஸோ கடப்பாக் கல்லோ போதும்.

முழுசா மாத்தணுமா?

ஒரே இடம்தான் பழுது என்றால் அந்தப் பலகைகள் போதும். அதே டிசைன் கடையில் இல்லையா? கட்டிலுக்கு அடியில் இருப்பதைக் கழற்றி இங்கே போட்டு, அங்கே வேறு டிசைன் வைக்கலாம். யார் பார்க்கப்போகிறார்கள்! ஒரே அறையில் மூன்று, நான்கு இடம் ஊதியிருந்தால் ஒட்டுப்போடுவது வீண் கூலி.

புதுசு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'ஏசி' எண்ணைப் பாருங்கள். அது தேய்மானம் தாங்கும் தர அளவு. வீட்டுக்கு ஏசி3 போதும், கடைக்கு ஏசி4-க்குக் குறையக் கூடாது. எந்த எண்ணானாலும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. கூடவே ஒரு பெட்டி எக்ஸ்ட்ரா வாங்கிப் பரண் மேல் போட்டு வையுங்கள். வாடகை வீடு என்றால், குடிபோகும் அன்றே தரையை மூலை மூலையாகப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் செய்துவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கும் பேச்சு வந்தால், காட்டுவதற்குத் தேதியோடு ஆதாரம் இருக்கும்.