மாத்திரை: ஓர் அளவின் வரலாறு

'மாத்திரை' என்றதும் இன்று பலர்க்கும் நினைவில் வருவது மருந்தே. அளவிட்டு உருட்டிய மருந்துக்கு ஆகிவந்த இப்பெயரின் அடிப்பொருள் 'அளவு' என்பதாகும். வடமொழி 'மாத்ரா'வோடு தொடர்புடைய இச்சொல், 'அது மாத்திரம் போதும்' என்னும் பேச்சுவழக்கிலும் எல்லை குறித்தே நிற்கிறது.

இலக்கணத்தில் இது காலத்தின் அளவு. இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியர் அளவுகோலாக்கினார். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு 1/2 மாத்திரை. செய்யுளியலில் அவர் அடுக்கும் 34 உறுப்புகளுள் முதலாவதும் மாத்திரையே. இவ்வளவைக்குத் தனிக்கருவி வேண்டா. மனித உடம்பே கருவி.

எனினும் இசையில் இவ்வரம்பு நில்லாது. எழுத்துகள் தம் அளவு கடந்து ஒலித்தலை யாழ்நூலார் மரபுக்குரியதெனத் தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இசையோடு விளியையும் பண்டமாற்றையும் சேர்த்தார். பாடுவோர் நீட்டும் உயிரும், தொலைவில் நிற்பாரை அழைக்கும் குரலும், பண்டம் விற்போர் கூவலும் ஒரே நூற்பாவில் இடம்பெற்றன. தெருவின் ஒலிக்கும் இலக்கணம் செவிசாய்த்த இடம் அது.

யாப்பை நீத்த கவிதைக்கு மாத்திரை எதற்கு என்பாருளர். சீரும் தளையும் நீங்கினும் குறிலும் நெடிலும் நீங்குவதில்லை. எழுதிய வரியைக் கண்ணால் மட்டும் படித்து அமையாது, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் கவிஞர் அப்பழைய அளவுகோலையே கையில் எடுக்கிறார்.