பாண்டியர் இலாயமும் குதிரைத் தீவனமும்: இலாடமிடாக் குளம்பை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தமிழகத்திற்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு பெரிதும் கடல்வழித் தொடர்பாகும். காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்து கிடந்த பொருள்களை நிரல்படுத்தும் பட்டினப்பாலை, கடல் வழியாக வந்த குதிரைகளையே முதலில் வைக்கிறது. பாண்டியன் கொடுத்த பொன்னுடன் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சரே பின்னர் மாணிக்கவாசகர் ஆனார் என்பது திருவிளையாடல் மரபு. இடைக்காலக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிப்பிடுகின்றன. குதிரையின் வருகை, விலை, அதனை விற்றவர், வாங்கியவர் ஆகியவை பற்றி ஓரளவு விரிவாகவே அறிய முடிகிறது.

வந்திறங்கிய குதிரை இங்கே எதை உண்டது, எத்தகைய காலுடன் நடந்தது என்னும் வினாக்கள் இவ்வளவு கவனம் பெறவில்லை. இவ்விரண்டும் தனித்தனி வினாக்களாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றே. குதிரையின் குளம்பு அதன் தீவனத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் தெளிவாக்கியுள்ளது. இலாடம் அடிக்கப்படாத குதிரை தன் குளம்பையே முழுவதுமாக நம்பி நடக்க வேண்டியிருப்பதால், தீவனத்தில் நேரும் பிழை அதன் நடையில் விரைவில் வெளிப்படும். இப்பின்னணியில், பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றிய இரு அயலகச் சான்றுகளை மீண்டும் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு அயலகச் சான்றுகள்

முதற்சான்று மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பு. சீனத்திலிருந்து கடல்வழியே திரும்புகையில், 1290களின் தொடக்கத்தில், அவர் மாபார் என்று அரேபியர் அழைத்த சோழமண்டலக் கரைக்கு வந்தார். 1298இல் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலில், இங்குள்ள அரசர் ஐவரும் உடன்பிறந்தவர்கள் என்றும், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் கூறப்படுகிறது. ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து அக்குதிரைகள் வந்தன. அவை மடிவதற்கு அவர் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று, குளம்பைப் பேணி இலாடம் அடிக்கும் வினைஞர் இங்கு இல்லாமை; அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் குற்றஞ்சாட்டுகிறார். மற்றொன்று, வெந்த சோறும் வெந்த இறைச்சியும் தீவனமாகக் கொடுக்கப்பட்டமை.

இரண்டாம் சான்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபின் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் குறிப்பு. கீஷ் தீவின் தலைவரிடமிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மாபாருக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட வேண்டும் என்றும் உடன்பாடு இருந்ததாக அவர் எழுதுகிறார். அவ்வகையில் இந்த ஒரு வணிகத்திற்கே ஆண்டுக்கு 3,08,000 தினார் செலவாகியிருக்கும். தீவனம் பற்றிய அவருடைய செய்தி போலோவினுடையதைவிட நுட்பமானது. பச்சை வாற்கோதுமைக்கு மாற்றாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் கொடுக்கப்பட்டன; பருகுவதற்குக் காய்ச்சிய பசும்பால் வழங்கப்பட்டது; கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் இலாயத்திலேயே கட்டி வைக்கப்பட்டன; பின்னர்ப் பயிற்சி எதுவுமின்றி வீரர்கள் அவற்றின்மீது ஏறி ஓட்டினர். விரைவும் வலிமையும் மிக்க குதிரைகள் சில நாள்களில் தளர்ந்து பயனற்றுப் போயின என்பது அவர் முடிவு.

இவ்விரு சான்றுகளும் வணிக வரலாற்றிற்குப் பெரிதும் பயன்பட்டுள்ளன. ஆனால் அவற்றோடு ஒட்டி வந்த ஒரு தீர்ப்பும், அதாவது தமிழர் குதிரையைப் பேணத் தெரியாதவர் என்பதும், ஆராயப்படாமலே மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகிறது. அத்தீர்ப்பு எந்த அளவிற்குப் பொருந்தும்?

அறியாமையா, மரபா?

சோறும் இறைச்சியும் குதிரைக்குக் கொடுக்கப்பட்டது போலோவிற்கு விந்தையாகப் பட்டது. ஆயினும் அது பாண்டியர் இலாயத்தில் திடீரெனத் தோன்றிய வழக்கமன்று. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் குதிரைக் கண்காணிப்பாளரின் கடமைகளைக் கூறும் பகுதி, உயர்தரக் குதிரைக்கான நாள் உணவை அளவிட்டுச் சொல்கிறது. இரண்டு துரோணம் அரிசி, வாற்கோதுமை அல்லது தினை. அதனை அரைவேக்காடாகக் கொடுக்கலாம். மாற்றாக வேகவைத்த பயறோ உளுந்தோ தரலாம். அதனுடன் ஒரு பிரஸ்தம் நெய்ப்பொருள், ஐந்து பலம் உப்பு, ஐம்பது பலம் இறைச்சி, நனைப்பதற்குச் சாறு அல்லது தயிர், பருகுவதற்குச் சர்க்கரை கலந்த மது அல்லது பால் ஆகியவை சேர்கின்றன. இவற்றிற்கு மேல் பசுந்தீவனமும் புல்லும் தனியே விதிக்கப்பட்டுள்ளன.

போலோ கண்ட இறைச்சியும் சோறும், வஸ்ஸாப் கேட்ட நெய்யும் பாலும் இப்பட்டியலில் ஏறக்குறைய முழுமையாக உள்ளன. பாண்டியர் இலாயத்தார் இந்நூலைப் படித்தே தீவனம் வகுத்தனர் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் அவர்கள் செய்தது இந்தியப் பெருமரபு ஒன்றின் வழிப்பட்டது என்பதை மறுக்க இயலாது. மைசூர் நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரியின் கைக்கு எட்டி, 1909இல் அச்சேறிய அர்த்தசாஸ்திரச் சுவடி, தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் அளித்தது என்பதும் இவண் நினைக்கத்தக்கது. எனவே பிழை நேர்ந்திருப்பின் அது அறியாமையால் நேர்ந்த பிழை அன்று. விலையுயர்ந்த விலங்கிற்கு விலையுயர்ந்த உணவே ஏற்றது என்ற நம்பிக்கையால் நேர்ந்த பிழையாகும்.

குளம்பும் குடலும்

குதிரை மாட்டைப்போல அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை சிறியது. நாரைச் செரிக்கும் பணி பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையிலும் வாழும் நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துவிட வேண்டும். அளவு மிகுந்தால் எஞ்சியது பெருங்குடலை அடைந்து புளித்து அமிலமாகிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. நச்சுப்பொருள்கள் குருதியில் கலக்கின்றன.

இதன் விளைவு காலில் தெரிகிறது. குளம்பின் சுவரும் அதனுள் இருக்கும் எலும்பும் நூற்றுக்கணக்கான மெல்லிதழ்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. உடலின் முழு எடையையும் அவ்விதழ்களே தாங்குகின்றன. அவை அழற்சியுற்று நெகிழ்வதையே லேமினைட்டிஸ் என்கின்றனர். நோய் முற்றினால் எலும்பு தன் நிலையிலிருந்து திரும்பிக் குளம்பின் அடியை நோக்கி அழுத்தும். 2007இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு மற்றொரு காரணத்தையும் உறுதிசெய்தது. நலமான மட்டக்குதிரைகளின் குருதியில் இன்சுலின் அளவை உயர்த்தி வைத்தபோது, மூன்று நாள்களுக்குள் அவை குளம்பு அழற்சிக்கு உள்ளாயின. சர்க்கரையும் மாவும் மிகுந்த தீவனம், உடற்பருமன், நடமாட்டமின்மை ஆகிய மூன்றும் சேரும்போது இத்தகைய நிலை உருவாக வாய்ப்பு மிகுதி.

இவ்வுறவைப் பண்டையோரும் ஓரளவு உணர்ந்திருந்தனர். இலாடம் வழக்கிற்கு வராத காலத்தில் எழுதிய கிரேக்கர் செனபோன், இலாயத்தில் கற்கள் பரப்பிக் குளம்பை உறுதிப்படுத்தும் முறையைக் கூறுகிறார். வாற்கோதுமை மிகுதியால் வரும் நோயையும் பெயரிட்டுச் சொல்கிறார். ஆகவே வெறுங்குளம்புடன் நடப்பதே தீங்கு என்று கருதுவதற்கில்லை. உறுதியான குளம்பிற்கு ஏற்ற உணவும் நடையும் தேவை என்பதே உண்மை.

சான்றுகளை மீண்டும் நோக்கல்

இவ்வறிவின் துணையுடன் நோக்கினால், இரு அயலகத்தாரும் தீவனத்தில் பிழை உண்டு என்று கண்டது சரி. பிழை எதில் உள்ளது என்று கண்டதில்தான் தவறு நேர்ந்துள்ளது. போலோ சமைத்த உணவையே குறைகூறினார். வஸ்ஸாப் வாற்கோதுமையைப் பச்சையாகக் கொடாமல் வறுத்துக் கொடுத்ததை இகழ்ந்தார். ஆனால் பச்சை வாற்கோதுமையின் மாவு குதிரையின் சிறுகுடலில் நன்கு செரிப்பதில்லை. வெப்பத்தில் பக்குவப்படுத்தினால் செரிமானம் கூடும். பெருங்குடலுக்குச் செல்லும் மாவின் அளவு குறையும். அந்த அளவில் இலாயத்தார் செய்தது அறிவுடைய செயலே. அதே வேளையில், விரைந்து செரித்த மாவு குருதியில் சர்க்கரையையும் இன்சுலினையும் உயர்த்தும். எனவே உணவைச் சமைத்ததைவிட, அதன் அளவே தீங்கிற்கு முதற்காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். அழற்சிக்கு ஆளாகும் இயல்புள்ள குதிரைக்கு, ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் ஒரு கிராமுக்கு மேல் மாவுச்சத்து கொடுக்கலாகாது என்பது இன்றைய பொது அறிவுரை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 400 கிராம். அரைக் கிலோ அரிசியிலேயே ஏறத்தாழ அவ்வளவு மாவு இருக்கிறது. மாறாக, அதே குதிரைக்கு நாள்தோறும் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை உலர்ந்த புல் வேண்டும்.

நெய்யைக் குதிரை செரிக்கும். ஆனால் கட்டிக் கிடக்கும் குதிரையை அது மேலும் பருமனாக்கும். வளர்ந்த குதிரைக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. நாற்பது நாள் கட்டிவைத்ததோ இவை எல்லாவற்றினும் கொடியது. நடக்கும்போதே குளம்பிற்குக் குருதி நன்கு பாய்கிறது. கொழுத்து, நடமாட்டமின்றி, மழைக்கால ஈரத்தில் குளம்பு மென்மையுற்று நின்ற குதிரையைத் திடீரென விரைந்து ஓட்டினால், நெகிழ்ந்த இதழ்கள் எளிதில் கிழியும். போலோ குறிப்பிட்ட குளம்பு வினைஞர் இருந்திருந்தால், அக்குளம்பைச் செதுக்கிச் சீர்செய்து துன்பத்தைக் குறைத்திருக்கலாம். நோயின் மூலத்தை அவர் தடுத்திருக்க இயலாது.

எல்லாச் சாவையும் தீவனத்தின்மேல் சுமத்துவதும் பொருந்தாது. இரண்டாயிரத்தில் நூறுகூட எஞ்சவில்லை என்பதில் மிகைப்படுத்தல் இருக்கலாம். நெடுங்கடற் பயணம், வெப்பம், ஈக்களால் பரவும் சுர்ரா போன்ற நோய்கள் ஆகியவையும் பங்காற்றியிருக்கும். சுர்ராவின் நுண்ணுயிர் 1880இல்தான் கண்டறியப்பட்டது. 13ஆம் நூற்றாண்டினர் அதனை அறிய வழியில்லை.

அறுகும் கொள்ளும்

பிற்காலத் தமிழக வழக்கு இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்துக் குதிரைகளின் தானியம் கொள்ளு ஆகும். தென் மாவட்டங்களில் இதனைக் காணம் என்பர். குதிரைக்கு இடப்பட்டதாலேயே ஆங்கிலத்திலும் அதற்குக் குதிரைப்பயறு என்னும் பொருளில் பெயர் அமைந்தது. கொள்ளில் புரதம் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் உண்டு. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. ஊறவைத்து வேகவைத்தால் அவை குறையும். குதிரைக்காரர் கொள்ளை ஊறவைத்து அவித்தே கொடுத்தனர்.

இதனினும் முக்கியமானது புல். குதிரை ஒன்றிற்குக் குதிரைக்காரர் ஒருவரும் புல் கொண்டுவர மற்றொருவரும் இருப்பது அக்கால வழக்கம். பல இடங்களில் புல் சேர்த்தவர் குதிரைக்காரரின் மனைவியே. வயல் வரப்பிலும் வெளியிலும் அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசித் தலைச்சுமையாக அவர்கள் கொண்டுவந்தனர். அறுகு வெப்பநிலப் புல். குளிர்நிலப் புற்கள் சேமிக்கும் ஃபிரக்டான் என்னும் சர்க்கரை வகையை அது சேமிப்பதில்லை. குளம்பு நோவுள்ள குதிரைக்குச் சர்க்கரை குறைந்த, நார் மிகுந்த உலர்புல்லே அடிப்படை உணவாக வேண்டும் என இன்றைய மருத்துவர் வலியுறுத்துகின்றனர். சர்க்கரை மிகுந்த உலர்புல்லை நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுக் கொடுக்கும்படியும் கூறுகின்றனர். தாமிரம், துத்தநாகம் போன்ற தாதுக்களின் சமநிலையும் குளம்பின் உறுதிக்கு வேண்டும். குளம்புச் சுவர் மேலிருந்து தரைவரை வளர்ந்து புதுப்பிக்கப்பட ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். ஆதலின் தீவனத் திருத்தத்தின் முழுப்பயனைக் காண ஓராண்டுப் பொறுமை தேவை.

அரண்மனை நெய்யையும் பாலையும்விடப் புல் செதுக்கிய பெண்ணின் தலைச்சுமையே இன்றைய அறிவியலின் பரிந்துரைக்கு நெருக்கமானது என்பது சிந்திக்கத்தக்கது. முன்னதன் விலையை வரலாற்றாசிரியர் தினாரில் கணக்கிட்டுச் சென்றனர். பின்னதைச் சேர்த்தவரின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

முடிவுரை

பாண்டிய நாட்டுக் குதிரைகளின் அழிவிற்குத் தமிழரின் அறியாமையே காரணம் என்னும் கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. இலாயத்தில் பின்பற்றப்பட்டது அளவுகள் வகுக்கப்பட்ட ஒரு பழைய மரபு. அதன் ஒரு பகுதி பயனுடையது. மற்றொரு பகுதி, குறிப்பாக மிகுதியான தானியமும் நாற்பது நாள் ஓய்வும், கேடு பயப்பது. இலாடம் இன்மை தனியொரு காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

நரி பரியான கதையையோ மார்க்கோ போலோவின் குறிப்பையோ வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் நன்று. பயணியர் கண்டது ஒரு சான்று. அவர்கள் கூறிய காரணம் ஒரு கருத்து. சான்றை ஏற்றுக் கருத்தைச் சோதிப்பதே வரலாற்றுக் கல்வி தரவேண்டிய பயிற்சியாகும். கொள்ளு, அறுகு, புல்லுக்கட்டு போன்ற எளிய சொற்களும் அத்தகைய சோதனைக்கு உதவும் ஆவணங்களே. அவற்றை நினைவிற்கொண்ட முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அச்சொற்களின் வழக்காற்றைத் தொகுப்பது, தமிழாய்வுத் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.